போலீஸ் ஏலத்தில் வண்டி: ‘மூணு தரம்’ சொன்ன பிறகுதான் செலவே ஆரம்பம்!

‘மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் வாகனங்கள் பொது ஏலம்.’ நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும் இந்தச் செய்தி, அன்று மாலைக்குள் ஊரில் பாதிப் பேரின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். போகிற வழியில் ஒரு வரியும் ஒட்டிக்கொள்ளும்: ‘புல்லட் பத்தாயிரம், கார் முப்பதாயிரம்... முந்துங்கள்!’

அறிவிப்பு உண்மைதான். ஒட்டிக்கொண்ட அந்த வரிதான் சிக்கல்.

வேலைக்குப் போய்வர ஒரு பைக், காய்கறி ஏற்றிப் போக ஒரு மொபட், குடும்பத்தோடு கோயிலுக்குப் போக ஒரு பழைய கார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆசை இருக்கும். கடன் வாங்காமல் அது நிறைவேற வாய்ப்பு என்றால் யாருக்கும் கால் தானாக மைதானத்தை நோக்கி நகரும். நல்ல வண்டியோடு திரும்பியவர்களும் உண்டு. ஆனால், ஏலம் எடுத்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பழையபடி பஸ்ஸில் போகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது அதிர்ஷ்டம் இல்லை. சில தாள்கள்!

ஒரே மைதானம், மூன்று வகை வண்டி

‘போலீஸ் ஏலம்’ என்று மொத்தமாகச் சொல்கிறோம். ஆனால், அங்கே வரிசையாக நிற்கும் வண்டிகள் எல்லாம் ஒரே வகை இல்லை.

முதல் வகை, காவல் துறையே ஓட்டிய வண்டிகள். ரோந்து ஜீப், அதிகாரிகளின் கார், காவலர்களை ஏற்றிச் செல்லும் வேன், ரோந்து பைக். ஓடிய தூரம், வயது, பழுதுபார்க்க ஆகும் செலவு எல்லாவற்றையும் பார்த்து, இனி இதை வைத்திருப்பது நஷ்டம் என்று சான்று கொடுத்த பிறகு ஏலத்துக்கு வருகின்றன. அறிவிப்பில் இவற்றை ‘கழிவு செய்யப்பட்ட காவல் வாகனங்கள்’ என்று குறிப்பிடுவார்கள். இவற்றின் பதிவெண்ணில் மாவட்ட எண்ணுக்குப் பிறகு ‘ஜி’ என்ற எழுத்து இருக்கும். தமிழ்நாட்டில் அது அரசு வாகனங்களுக்கான வரிசை.

இரண்டாவது வகை, மதுவிலக்கு வழக்குகளில் சிக்கியவை. கள்ளச்சாராயமோ, புதுச்சேரி போன்ற வெளிமாநில மதுவோ கடத்தியபோது பிடிபட்ட பைக், மொபட், ஆட்டோ, கார். 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி இவற்றை அரசுடைமை ஆக்கலாம். அதற்கு முன்பு உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அதன் பிறகே ஏலம்.

மூன்றாவது வகை, ‘உரிமை கோரப்படாத வாகனங்கள்’. ரோட்டோரம் அநாதையாக நின்றவை, திருடப்பட்டு மீட்கப்பட்டும் உரிமையாளர் வராதவை, ஏதோ ஒரு வழக்கில் கொண்டுவரப்பட்டு ஸ்டேஷன் வாசலிலேயே தங்கிவிட்டவை. வேப்பமரத்தடியில் செடி கொடி படர்ந்து நிற்குமே, அவைதான்.

வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவுக்குக் கிடைக்கும்?’ என்பது இல்லை. ‘இது எந்த வகை?’ என்பதுதான். ஏனென்றால், வகை மாறினால் தாள் மாறும். தாள் மாறினால் வண்டி ரோட்டில் ஓடுமா, இரும்புக் கடைக்குப் போகுமா என்பதே மாறிவிடும்.

15 வயது என்னும் கோடு

போலீஸ் ஜீப் மீது ஆசை உள்ளவர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 ஜனவரியில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி, 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி, அரசுப் போக்குவரத்துக் கழகம், பொதுத்துறை நிறுவனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்கு பராமரிப்புக்கும் பயன்படும் கவச வாகனம் போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சாதாரண ரோந்து ஜீப்புக்கு அந்த விலக்கு கிடையாது.

15 வயதைத் தாண்டிய அரசு வண்டிகள் போக வேண்டிய இடம், பதிவு பெற்ற வாகன அழிப்பு மையம். அங்கே அவற்றை உடைத்து, பிரித்து, இரும்பு தனி, அலுமினியம் தனி என்று ஆக்கிவிடுவார்கள். இதற்கான ஏலம் பெரும்பாலும் மைதானத்தில் நடப்பதில்லை; ஆன்லைனில் நடக்கிறது. 1964-ல் தொடங்கப்பட்டு, மத்திய எஃகு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் இணையதளம் இதில் முக்கியமானது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தனியார் காருக்கும் பைக்குக்கும் 15 ஆண்டு முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகுதி பார்த்து, மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அதனால், மதுவிலக்கு வழக்கில் பிடிபட்ட 16 வயது மொபட்டுக்குக்கூட மறுவாழ்வு இருக்கலாம். அதே வயதுடைய அரசு ஜீப்புக்கு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஓடும், மற்றொன்று ஓடாது. பெயின்ட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது; ஆர்.சி.யில் இருக்கும் பதிவு தேதியைப் பார்த்தால்தான் தெரியும்.

‘ஆவணமின்றி’ என்ற ஒற்றைச் சொல்

அறிவிப்பின் கடைசியில் சின்ன எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். பலர் படிக்காமல் விட்டுவிடும் இடம் அதுதான்.

‘உள்ளது உள்ளபடி’ என்று இருந்தால், வண்டி எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி இல்லை, கார்புரேட்டரைக் காணோம் என்று பிறகு போய் நிற்க முடியாது.

‘கழிவு இரும்பாக’ என்றோ, ‘ஆவணமின்றி’ என்றோ இருந்தால், அந்த வண்டியை ரோட்டில் ஓட்டுவதற்காக விற்கவில்லை என்று பொருள். உடைத்து விற்கும் வியாபாரிக்கானது அது. எவ்வளவு நன்றாக ஸ்டார்ட் ஆனாலும் அதை ஒருவர் தன் பெயருக்கு மாற்றி ஓட்ட முடியாது.

சில ஏலங்களில் வண்டிகளை ஒவ்வொன்றாக விடாமல், மொத்தமாக ஒரே லாட்டாக விடுவார்கள். ஒரே ஒரு பைக் வேண்டும் என்று வருபவருக்கு அங்கே வேலையில்லை. பஸ் ஏறுவதற்கு முன்பே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

ஏல நாளில் என்ன நடக்கும்?

ஏலத்துக்கு முன்பு வண்டிகளைப் பார்வையிட நேரம் ஒதுக்குவார்கள். சில இடங்களில் முந்தைய நாட்கள், சில இடங்களில் அன்று காலை. ஆதார் கார்டு போன்ற அடையாளச் சான்றோடு முன்வைப்புத் தொகை கட்டியவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் இருப்பவர் மட்டுமே கேட்க முடியும். முன்வைப்புத் தொகை பைக்குக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று இருக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஏலம் கிடைக்காதவருக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைத்துவிடும்.

அதிகாரிகள் வைத்திருக்கும் ஆரம்ப விலையிலிருந்து கேட்பு தொடங்கும். ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ முடிந்தால் வண்டி அவருடையது. முழுத் தொகையையும் அன்றே, அல்லது அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் முன்வைப்புத் தொகை போய்விடும். ‘ஊருக்குப் போய் மச்சான்கிட்ட கேட்டு அனுப்புறேன்’ என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. முன்பு சின்ன வண்டிகளுக்கு 12 சதவீதம், பெரிய வண்டிகளுக்கு 18 சதவீதம் என்று இருந்தது. 2024 டிசம்பரில் கூடிய 55-வது ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய வாகனங்களுக்கு 18 சதவீதம் என்று ஒரே விகிதத்தைப் பரிந்துரைத்தது. அறிவிப்பில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, கையில் அதற்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மைதானத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே வருபவர்களில் பெரும்பகுதி பழைய வண்டி வியாபாரிகள். சென்னை புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் எந்த இன்ஜின் என்ன விலைக்குப் போகும், எந்த கியர்பாக்ஸுக்குக் கிராக்கி என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். வண்டி ஓடாவிட்டாலும் பிரித்து விற்றுப் பணம் பார்த்துவிடுவார்கள். வீட்டுத் தேவைக்காக வருபவருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு வண்டி முழுசாக ஓடினால்தான் காசு.

ஆக, வியாபாரிகள் கேட்பதை நிறுத்திய பிறகு, அதற்கு மேல் ஓர் ஐந்நூறு ஏற்றிக் கேட்டுத்தான் வீட்டுக்காரர் வண்டியை எடுக்கிறார். ‘ஜெயிச்சுட்டோம்’ என்று தோன்றும் அந்த நொடியில், ‘இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் விட்டார்கள்?’ என்றும் ஒருமுறை யோசிக்க வேண்டும். அதனால்தான், மைதானத்துக்குள் நுழையும் முன்பே ‘இதுதான் எல்லை’ என்று ஒரு தொகையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கூட்டத்தின் சூட்டில் வாய் முந்தும். தாள் முந்தாது.

மீட்டர் சொல்லாத ஓட்டம்

போலீஸ் ஓட்டிய வண்டி என்றால் ஒழுங்காகப் பராமரித்திருப்பார்கள் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. துறைக்கென்று மோட்டார் வாகனப் பிரிவும் பணிமனையும் இருப்பதால் அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால், ரோந்து வண்டியின் வாழ்க்கை வீட்டுக் காரின் வாழ்க்கை மாதிரி இல்லை. ஒரே வண்டியைப் பல டிரைவர்கள் ஓட்டியிருப்பார்கள். திருவிழா பந்தோபஸ்து, மறியல், இரவு ரோந்து என்று இன்ஜினை அணைக்காமலேயே மணிக்கணக்கில் நிறுத்தியிருப்பார்கள். சக்கரம் சுற்றாததால் கிலோமீட்டர் மீட்டர் நகராது; இன்ஜின் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இதற்குக் கணக்கே போட்டது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம். அங்கே போலீஸின் அடையாளமாகவே இருந்த கார், ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா. 2011-ல் அதன் உற்பத்தி நின்றுபோனது. ஓய்வு பெற்ற போலீஸ் கார்களை ஏலத்தில் எடுத்து டாக்ஸியாக ஓட்டுவது அங்கே சாதாரணமாக நடந்தது. போலீஸ் வண்டி ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால், அதைச் சுமார் 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது ஃபோர்டு. நம் கணக்கில் ஏறத்தாழ 53 கிலோமீட்டர்! மீட்டரில் 80,000 என்று இருந்தாலும், இன்ஜின் அதைப் போல எத்தனை மடங்கு உழைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பறிமுதல் வண்டிகளுக்குப் பிரச்னை வேறு. அவை ஓடித் தேய்ந்தவை இல்லை, நின்று கெட்டவை. வெயிலில் டயர் வெடிப்பு விட்டிருக்கும். பெட்ரோல் டேங்க்கின் உள்ளே துரு பிடித்திருக்கும். ஒயரிங்கை எலி கடித்திருக்கும். இன்ஜின் சிக்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூடவே அழைத்துப் போய், அவருக்கு அரைநாள் கூலி கொடுப்பது வீண்செலவு இல்லை. பிறகு ஆகப்போகும் செலவைத் தடுப்பது அதுதான்.

அவர் பார்க்க வேண்டியவை: கிக்கரை மிதித்தால் இன்ஜின் சுற்றுகிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, சேஸ் எங்காவது வளைந்து வெல்டிங் வைத்திருக்கிறார்களா. இவற்றோடு, சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் தெளிவாகத் தெரிகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகிவிடுவதே நல்லது.

கையில் இருக்கும் ஸ்மார்ட்போனும் ஒரு மெக்கானிக்தான். எம்-பரிவாஹன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால், பதிவான தேதி, இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது, தகுதிச் சான்று எதுவரை, வங்கிக் கடன் ஏதும் நிலுவையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடன் பதிவு இருந்தால், அது எப்படி நீங்கும், அதற்கான கடிதத்தை யார் தருவார்கள் என்று ஏலம் நடத்தும் அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டோக்கன் வாங்க வேண்டும்.

படிவம் 32: இதை மறந்தால் எல்லாம் போச்சு

ஒருவரிடமிருந்து ஒருவர் பழைய வண்டி வாங்கினால் படிவம் 29, படிவம் 30 என்பது பலருக்கும் தெரியும். விற்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஏலத்தில் விற்பவர் யார்? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் அங்கே வரப்போவதில்லை. அப்படியானால் கையெழுத்து?

இதற்கென்றே இருப்பதுதான் படிவம் 32. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல், 57-வது விதி பொது ஏலத்தில் வாங்கிய வண்டிகளைப் பற்றிப் பேசுகிறது. வண்டியைக் கையில் எடுத்த 30 நாட்களுக்குள் படிவம் 32-ல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு சேர்க்க வேண்டியவை: கட்டணம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனை உறுதிச் சான்று, ஏலம் விட அனுமதித்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகல்.

கடைசி இரண்டையும் ஏலம் நடத்திய அலுவலகம்தான் தர முடியும். பணம் கட்டிய ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு, வண்டியை டாடா ஏஸில் ஏற்றிவிட்டு சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறவர்கள், பிறகு அந்த ஒரு நகலுக்காக அலைய வேண்டியிருக்கும். அதற்குள் அதிகாரி மாறியிருப்பார். ஃபைல் வேறு மேசைக்குப் போயிருக்கும். வண்டியை எடுக்கும் நாளிலேயே இந்தத் தாள்களையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். தாள் வரும் நாள்தான் உண்மையில் வண்டி வாங்கிய நாள்.

நம்பர் பிளேட்டே இல்லாத வண்டி, போலி எண் மாட்டிய வண்டி என்றால்? அதற்கும் அதே விதியில் வழி இருக்கிறது. ஏலம் விட்ட அரசுத் துறையின் பெயரில் முதலில் புதிய பதிவெண் கொடுத்து, பிறகு வாங்கியவர் பெயருக்கு மாற்றுவார்கள். வழி இருக்கிறது; ஆனால், நீளமான வழி. அந்த அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும். ‘ஜி’ வரிசை வண்டி என்றால், எண் மாற்றம், கட்ட வேண்டிய வரி ஆகியவற்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

12,000 ரூபாய் பைக், எவ்வளவு ரூபாய் பைக்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 12,000 ரூபாய்க்கு ஒரு பைக்கை ஏலம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

18 சதவீத ஜி.எஸ்.டி. 2,160 ரூபாய். ஆக, மைதானத்திலேயே 14,160.

வீட்டுக்கு ஏற்றிவர வண்டி வாடகை 1,500. இரண்டு டயர், பேட்டரி, செயின் செட், பிரேக் ஷூ, டேங்க் சுத்தம், ஆயில், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து சிக்கனமாக 9,000. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வரியோடு சுமார் 850. பெயர் மாற்றக் கட்டணம், புகைச் சான்று, போக்குவரத்துச் செலவு என்று ஒரு 2,000.

கூட்டினால் 27,510 ரூபாய். கேட்ட விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! இது இன்ஜினைத் திறக்காத கணக்கு. 15 ஆண்டு முடிந்த வண்டி என்றால் மறுபதிவுக் கட்டணமும் பசுமை வரியும் தனி. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி தொகை மாறும். கணக்கின் வடிவம் மாறாது.

இதே 27,000 ரூபாய்க்கு, தெரிந்தவர் வீட்டில் ஒரே கையில் ஓடிய பைக், ஆர்.சி., இன்ஷூரன்ஸோடு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் ஏலம் லாபமில்லை. கிடைக்காது, வண்டி 40,000 பெறும் என்றால் ஏலம் லாபம். இந்த ஒப்பீட்டை மைதானத்துக்குப் போகும் முன்பு வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

தாள் இல்லாமல் ஓட்டினால் என்ன?

‘பக்கத்துல வயலுக்குத்தானே போறோம், யார் பிடிக்கப் போறாங்க?’ என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

அதைவிடப் பெரியது விபத்து. பெயர் மாற்றாமல், இன்ஷூரன்ஸ் எடுக்காமல் ஓட்டிய வண்டி யார் மீதாவது மோதிவிட்டால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டைக் கொடுக்க இன்ஷூரன்ஸ் நிறுவனம் இருக்காது. அது சொந்தக் கையிலிருந்து போகும். இழப்பீடு லட்சக்கணக்கில் வந்தால் வீட்டையும் நிலத்தையும் தொடும். 12,000 ரூபாய் பைக்கால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு மொத்தமும் கரையும் வழி அது ஒன்றுதான். அந்த வழியை அடைக்கச் சுமார் 850 ரூபாய் போதும்.

போலீஸ் ஓட்டிய ஜீப்பை எடுத்தவர்களுக்கு இன்னொரு சபலம் வரும். ‘காவல்’ என்ற எழுத்தையும் சைரனையும் அப்படியே விட்டுவைத்தால் டோல்கேட்டில் மரியாதை கிடைக்குமே! அந்த விளையாட்டு வேண்டாம். பல ஓசை எழுப்பும் ஹாரனைத் தனியார் வண்டியில் வைக்க விதி அனுமதிக்கவில்லை. அரசு ஊழியர் போல நடிப்பதும், ஏமாற்றும் நோக்கத்தில் அவர்களின் அடையாளத்தைப் பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 204, 205 பிரிவுகளில் குற்றம். எழுத்தை அழித்து, விளக்கைக் கழற்றிய பிறகே வண்டியை ரோட்டில் இறக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் உங்கள் வண்டியும் இருக்கலாம்

ஏலப் பட்டியலை வாங்குபவர்கள் மட்டும் படித்தால் போதாது. வண்டியைத் தொலைத்தவர்களும் படிக்க வேண்டும்.

வாங்குபவருக்கு அது 12,000 ரூபாய் பைக். அதற்கு முன்பு அது இன்னொருவர் தவணை கட்டி வாங்கிய பைக். திருடுபோய், புகார் கொடுத்து, ‘இனி எங்கே கிடைக்கப் போகிறது’ என்று கைகழுவிய வண்டி வேறொரு மாவட்டத்தில் மீட்கப்பட்டு நின்றிருக்கலாம். நம்பர் பிளேட்டைத் திருடன் மாற்றியிருந்தால் உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது சிரமம். தம்பியோ, நண்பனோ ஓட்டிப் போய் வழக்கில் சிக்கிய வண்டிக்கு, ‘ஸ்டேஷன், கோர்ட்டுன்னு யார் அலையறது?’ என்று பயந்து போகாமல் இருப்பவர்களும் உண்டு.

உண்மையில் சட்டம் அவர்கள் பக்கமும் இருக்கிறது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பறிமுதல் வண்டிகளைக் காவல் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பதில் பயனில்லை என்று தெளிவாகச் சொன்னது. தகுந்த உறுதிமொழிப் பத்திரமும் பிணையமும் பெற்று உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம், யாருமே கேட்டு வரவில்லை என்றால் நீதிமன்றம் ஏலத்துக்கு உத்தரவிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவும் இதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாட்களுக்குள் அதன் விவர அறிக்கை, பிறகு புகைப்படம், அதிலிருந்து 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வது என்ற உத்தரவு.

எனவே, ஏல அறிவிப்பு வந்ததும் பட்டியலில் உள்ள சேஸ் எண், இன்ஜின் எண்களோடு தங்கள் பழைய ஆர்.சி. நகலை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நம்பர் பிளேட் மாறியிருக்கலாம். சேஸ் எண் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எண் பொருந்தினால் எஃப்.ஐ.ஆர். நகல், ஆர்.சி. நகலோடு ஏலத் தேதிக்கு முன்பே அந்த அலுவலகத்துக்குப் போய் உரிமை கோர வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் திருட்டுக்கான இழப்பீட்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால், வண்டி மீதான உரிமை அந்த நிறுவனத்துக்குப் போயிருக்கும். அப்போது அவர்களுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். ‘மூணு தரம்’ சொன்ன பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

அப்படியானால், போகலாமா வேண்டாமா?

தாராளமாகப் போகலாம். வண்டி வேலை தெரிந்தவர், தெரிந்த மெக்கானிக் உள்ளவர், அவசரமில்லாதவர், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கத் தயங்காதவர் என்றால் போலீஸ் ஏலம் நல்ல வாய்ப்பு. நாளைக் காலையே வேலைக்கு வண்டி வேண்டும், கையில் இருப்பது ஏலத்தொகை மட்டும்தான் என்பவருக்கு அது பொருந்தாது.

முதல் முறை போகிறவர்கள் டோக்கன் வாங்காமல், ஒரு ஏலத்தை வெறுமனே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். எந்த வண்டி என்ன விலைக்குப் போகிறது, எந்த வண்டியை வியாபாரிகள் தொடவே இல்லை, யார் யார் என்னென்ன தாள்களைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு காலையில் பிடிபட்டுவிடும். அந்தப் பாடத்துக்குக் கட்டணம், பஸ் டிக்கெட் மட்டும்தான்.